கேக் சுற்றிய ரெக்கார்டு பிளேயர்

தண்ணீர் மீட்டரில் கணக்கெடுக்க வீடு வீடாகப் போகிற அந்த மனிதருக்கு ஒரு குணம். மீட்டரைப் பார்க்கப் போன இடத்தில் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப அவரால் முடியாது. யார் வீட்டு மீன்தொட்டியில் ஒரு மீன் குறைந்திருக்கிறது, யார் வீட்டில் சோபா இடம் மாறியிருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்துகொண்டு என்ன செய்வார் என்றால் ஒன்றும் செய்ய மாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். தெரியாமல் இருந்தால் மண்டையைக் குடையும், அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டிலேயே அவருக்குப் பிடிபடாத பொருள் ஒன்று இருந்தது. அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒரு ரெக்கார்டு. வெள்ளை லேபிள், அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. மனைவி சிறுமியாக இருந்தபோது அவள் பள்ளிப் பாட்டுக் குழுவை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்தது. பள்ளி பழைய சாமான்களைக் கழித்தபோது இவள் போய்க் கேட்டு வாங்கி வந்தாள். வேறு பிரதி எங்கும் இல்லை. வீட்டில் ரெக்கார்டு பிளேயரும் இல்லை, அதனால் அவளும் அதைக் கேட்டதில்லை.

கேட்காவிட்டால் என்ன, பெருமைக்குக் குறைவில்லை. "நான் முதல் வரியை எடுத்துக் குடுத்தாதான் மத்த பிள்ளைங்க வாயையே திறக்கும்" என்று கல்யாணமான நாளிலிருந்து அளந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. வாயில் பஞ்சோடு பணம் கட்ட வருகிறவர்களிடமும் இதைச் சொல்வாள். அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது, பாவம். ஆனால் மீட்டர்காரரின் மூக்கில் வேர்த்த விஷயம் வேறு. இவ்வளவு பெரிய பாடகி குளிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. ஏன்?

கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே பிடித்தது. ஆனால் பிளேயர் வாங்குவது லேசில்லை. சூட்கேஸ் மாதிரி மடக்குகிற மலிவுப் பெட்டிகள் அவர் கைக்கு எட்டியவைதான். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் அதை ஒரே பேச்சில் வெட்டிவிட்டார். அந்தப் பெட்டியில் முள்ளைத் தாங்குகிற கை கனம், முள் மட்டரகம். ரெக்கார்டின் கோடுகளை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். இன்னொரு பிரதி இல்லாத ரெக்கார்டை அதில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். நல்ல பெட்டியோ, பழையதே அவர் சம்பளத்தை விழுங்கிவிடும். நல்லதாகவும் இருக்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றில் தட்டு நொண்டியது, ஒன்றில் மோட்டார் உறுமியது, ஒன்றில் முள் இருந்த இடமே காலி. வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். மனைவி மட்டும் என்னவோ நிம்மதியாக இருப்பாள்.

ஒரு நாள் மூன்றாம் மாடியில் கேக் செய்து விற்கிற அம்மாள் வீட்டுக்குப் போனார். மீட்டர் சமையலறைத் தொட்டிக்கு அடியில். குனிந்து பார்த்து நிமிர்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜைமேல் ஒரு கேக் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தட்டைக் கத்தியை அசையாமல் பிடித்திருந்தார், கிரீம் தானாகவே வழவழவென்று படிந்துகொண்டே போனது. கேக்குக்கு அடியில் மரப்பெட்டி. பெட்டியின் ஓரத்தில் ரிப்பனால் கட்டிப்போட்ட வெள்ளிநிறக் கை.

அது என்னவென்று அவர் கேட்காமல் இருப்பாரா? ரெக்கார்டு கேட்கத் தம்பி ஆசை ஆசையாக வாங்கினானாம். வாங்கிய கையோடு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். என்ன வேண்டுமானாலும் செய்துகொள் அக்கா என்று சொல்லிவிட்டானாம்.

"கை குறுக்க குறுக்க வந்துச்சு சார், கட்டிப் போட்டுட்டேன். முள்ளுல கிரீம் பட்டுடக் கூடாதேன்னு மூடியும் போட்டு வெச்சிருக்கேன்."

மூடி போட்ட முள்! தேயவே தேயாத முள்! மீட்டர்காரருக்கு அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. விற்பீர்களா என்று கேட்டார். இது நின்றால் என் பிழைப்பு நின்றுவிடும் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை போனபோது அந்த அம்மாளின் முகம் சுண்டிப் போயிருந்தது. கல்யாணத்துக்கு அடுக்குக் கேக் கேட்கிறார்கள், பாரம் ஏறினால் பெட்டி நின்றுவிடுகிறது, கெட்டுப்போய்விட்டது போல என்று அலுத்துக்கொண்டார். கெடவில்லை, உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மீட்டர்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டால் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. பெல்ட் மாற்றினால் ஓடும், இது விலை உயர்ந்த சாமான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மாத்தினாலும் அடுக்குக் கேக்கை இது எங்க தாங்கும்? கையால சுத்துற இரும்பு ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க. இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. நீங்களாவது பாட்டுக் கேளுங்க."

கேக் சாமான் கடையில் இருப்பதிலேயே கனமான ஸ்டாண்டை வாங்கிக் கொடுத்தார். பிளேயருக்கென்று சேர்த்து வைத்ததில் பாதி போயிற்று. புது பெல்ட்டும், ஒலியை ஏற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டியும் மீதியில் அடங்கின. பாட்டு வெளியே கேட்க, ஒயரை மாட்ட வீட்டு ரேடியோ இருக்கவே இருக்கிறது.

பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தால் தட்டுக்கு அடியில் எறும்புப் படை. எத்தனை கேக்கின் சர்க்கரையோ! பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து இண்டு இடுக்கெல்லாம் சுரண்டினார். பெல்ட்டை மாட்டினார். கை சமமாக நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மனைவி கிட்டவே வரவில்லை. இன்னும் ஈரம் இருக்கும் என்றாள். தலை வலிக்கிறது என்றாள். லீவு நாளில் கேட்கலாம் என்றாள். லீவு நாளும் வந்தது. அவர் ரெக்கார்டை உறையிலிருந்து உருவியபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அதுல என் குரல் இல்லைங்க."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது பாட்டு டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில் நின்று பாட்டு முழுக்க வாயை மட்டும் அசைத்திருக்கிறாள். அன்றைக்கு மூடிய வாய்தான், அதற்குப் பிறகு பாடவே இல்லை. அவமானத்தை மறைக்கத்தான் அத்தனை அளப்பும். சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்பவும் கேக்கணுமா?"

குடைந்து குடைந்து இதையா தோண்டி எடுத்தோம் என்று மீட்டர்காரருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ரெக்கார்டை உறைக்குள் விடப் போனார்.

அவள்தான் தடுத்தாள். "போடுங்க. யாரு யாரெல்லாம் பாடியிருக்காங்கன்னு நானும் பாக்கறேன்."

முள் இறங்கியது. கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு பிள்ளைகளின் குரல்கள் கூடத்தை நிறைத்தன, மழையைப் பற்றி ஏதோ பாட்டு. ஒரு வார்த்தைகூட அவளுக்கு மறக்கவில்லை. அன்றைக்கு நின்றது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்று சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. பாட்டு முடிந்தது. ரெக்கார்டில் ஒரு கணம் அமைதி. அந்த அமைதிக்கு நடுவில், துல்லியமாக, ஒரு தும்மல்.

மனைவி அப்படியே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான்தான்! அது நான்தாங்க! அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியல. மறுபடி எடுக்கக் காசு இல்லைன்னு அப்படியே விட்டுட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் டீச்சர் திட்டிக்கிட்டே வந்தாங்க. நான் மறந்தே போயிட்டேன் பாருங்க!"

சிரிப்பும் அழுகையுமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தார். இந்த முறை அவள் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, வாயை மட்டும் அசைக்கவுமில்லை. இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து வைத்து, தொண்டை திறந்து, தும்மல் வரைக்கும் பாடினாள்.

டீச்சர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது முதல் வரியிலேயே மீட்டர்காரருக்கு விளங்கிவிட்டது. அதை அவர் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. லீவு நாள் வந்தால் அவரே ரெக்கார்டை எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுகிறார்.