பொள்ளாச்சிக்குப் போன மோட்டார்

விவசாயத்துக்கென்று கொடுத்த மின்சாரத்தைத் தண்ணீர் இறைப்பதற்கும், மோட்டார் ரூமில் ஒரே ஒரு பல்பு எரிப்பதற்கும் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் முன்னறிவிப்பு இல்லாமல் ஃப்யூஸைப் பிடுங்கலாம். இது நிபந்தனை. பின்னாளில் நானும் மின்சார இலாகாவில் உட்கார்ந்து இதே வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பி, குறைவில்லாத மனநிறைவோடு ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் ஒன்பது வயதில் இந்த நிபந்தனையை மீறித்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. தை பிறந்தால் கணவாய்க் காற்று கிளம்பும். மற்றவர்களுக்கு அது கடலையைக் காயவைக்கும் காற்று, எனக்கு இளைப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்துவதுபோல் சத்தம் வரும். பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என் உதடு நீலம் பாரித்துவிட்ட நாட்கள் உண்டு.

துபாயிலிருந்த மாமா லீவில் வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். டேப் ரெக்கார்டர் என்று நம்பி ஊரே திரண்டது. மாமா உள்ளிருந்து எடுத்ததோ நெபுலைசர். மருந்தைப் புகையாக்கி மூக்கு வழியே கொடுக்கும் மிஷின். மூடியை என் முகத்தில் மாட்டிப் பெருமையோடு பொத்தானை அழுத்தினார். அது ஒரு முறை முனகிவிட்டு நின்றது. பாட்டும் வராது, மிஷினும் ஓடாது என்று தெரிந்து கூட்டம் கலைந்தது.

குற்றம் மிஷினுடையதல்ல. எங்கள் வீடு லைனின் கடைக்கோடி. பல்பே தீக்குச்சி நுனி மாதிரிதான் சிவக்கும். நல்ல கரண்ட் இருந்தது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்த எங்கள் மோட்டார் ரூமில் மட்டும்தான். ஆகவே இளைப்பு வந்தால் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அங்கே மிதிப்பார். கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி அம்மா மருந்துத் துளிகளை உப்பு நீரில் கலந்து ஊற்றுவாள். உரலில் சரளைக்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோன்ற சத்தத்தோடு வெள்ளைப் புகை வரும். பத்து நிமிஷத்தில் பூனைக்குட்டி தூங்கிவிடும்.

இதோடு விட்டிருக்கலாம். அப்பா முறைப்படி அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும் என்றார்.

“ஏனுங்க, கேட்டாத்தானுங்க இல்லீன்னு சொல்லுவாங்க. கேக்காட்டி ஆருக்குத் தெரியப் போகுது?” என்றாள் அம்மா.

“எம் பையன் திருட்டுக் கரண்டுல மூச்சு உடறான்னு நாளைக்கு ஒருத்தன் பேசப்படாது.”

படிவத்தில் கேட்டிருந்தது இரண்டே விஷயம்: பயிர் என்ன, எத்தனை ஏக்கர். நெடுநேரம் யோசித்த அப்பா, பயிர் என்ற இடத்தில் ‘மகன், ஒன்று’ என்று எழுதினார். ஏக்கரைக் காலியாக விட்டுவிட்டார்.

மனு போனதும் மின்சார ஆபீசுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அம்மா பயந்தது அதற்குத்தான். ஒரு காலை, புகை பாதி உள்ளே போயிருந்த நேரத்தில், வரப்போரமாக ஸ்கூட்டர் வந்து நின்றது. பாலக்காட்டிலிருந்து ஓவர்சியர், கையில் ஃபைலோடு. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் பயிர் காயும். என் கதை அதற்கும் முன்பே முடியும். அன்றைக்கு எங்கள் மோட்டாரும் ஊரில் இல்லை. உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி எரிந்து, புதிதாகச் சுற்றிக் கட்டுவதற்காகப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தது. அது இருந்த சிமெண்டு மேடைமேல்தான் நான் மூடியும் முகமுமாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா சட்டென்று கதவைச் சாத்தினாள். வெளியே அப்பா, “வாங்க சார், எளநி ஒண்ணு வெட்டட்டுங்களா?” என்றது கேட்டது.

“வேண்டா. தேங்கா இக்கொல்லம் எப்படி?” என்று பாதி மலையாளத்தில் இந்த வருஷக் காய்ப்பை விசாரித்தார் ஓவர்சியர்.

அப்பா தேங்காயைப் பற்றிச் சொன்னார். ஓவர்சியர் அடுத்து மட்டையைப் பற்றிக் கேட்டார். பிறகு மாடு, பிறகு மாட்டின் கன்று, பிறகு எங்கள் கிணற்றின் ஆழம். அதிகம் பேசாத அப்பா அன்றைக்கு என்னைக் காப்பாற்றப் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே மிஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. புகை தீர்ந்ததும் அம்மா மிஷினை அணைத்துச் சாக்கால் மூடினாள். சத்தம் நின்றதும் ஓவர்சியர் கிணற்றைப் பாதி ஆழத்திலேயே விட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார்.

மோட்டார் இல்லாத மேடையைப் பார்த்தார். மேடைமேல் இருந்த என்னையும், மூக்கைச் சுற்றி மூடி பதித்திருந்த சிவப்பு வளையத்தையும் பார்த்தார். நேராகப் போய் ஃப்யூஸைப் பிடுங்கினார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவர் கம்பியை முறுக்கித் திரும்பவும் சொருகினார்.

“இது லூசாக்கும். இடையில நின்னு போகும். டைட் செய்து வெச்சிருக்கேன்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

சாக்குக்குள் இருந்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாத அந்த ஓவர்சியரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பின் எந்தத் தையிலும் மிஷின் இடையில் நிற்கவில்லை.

மனுவுக்குப் பதில் வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். இளைப்பு என்னை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தது. மிஷின் பரண்மேல் இருந்தது. நான்தான் கடிதத்தை உரக்கப் படித்தேன்: ஓவர்சியரின் ஆய்வின்போது மோட்டார் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சத்தம் தெளிவாகக் கேட்டது, வேறு கருவி எதுவும் கண்ணில் படவில்லை, மனுமேல் நடவடிக்கை தேவையில்லை.

“அப்பா, இது சுத்தத் தப்புங்க. அன்னிக்கு மோட்டார் பொள்ளாச்சீல இருந்துதுங்க. திருத்தச் சொல்லி மனுப் போடோணும்,” என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உங்களுக்கு மேல இருப்பானாட்ட இருக்குதுங்க.”

மனுப் போடுவதில் சளைக்காத அப்பா, இதற்கு மட்டும் வேண்டாம் என்றார். கடிதத்தை நாலாக மடித்து மோட்டார் ரூமில் ஃப்யூஸ் பலகைக்குப் பின்னால் செருகச் சொன்னார். படித்த மனிதர் ஒருவர் இல்லாத மோட்டாரின் சத்தத்தை எப்படிக் கேட்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. தவறான கடிதம்தான் என்றாலும் முறை முறைதானே என்று, செருகுவதற்கு முன் அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்: வந்து சேர்ந்தது, மாசி மாதம் முதல் செவ்வாய்.