தோர்த்தால் மூடிய இடங்கள்

தூத்தூர் கடற்கரைக்காரர் ததேயுஸ். ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போட்டே வாழ்ந்தவர். கரையிலிருந்து பல நாள் ஓடினால் கடலுக்கடியில் மேடுகள் உண்டு. மீன் அங்கேதான் நிற்கும். பதினைந்து வருடத்தில் அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களைக் கண்டுபிடித்து, படகின் ஜிபிஎஸ் பெட்டியில் குறித்து வைத்திருந்தார். நல்ல இடங்களுக்கு வீட்டு ஆட்களின் பெயர். மனைவி லீமா, மகள் ஜெனிலா, பிறந்து பதினோராம் நாள் இறந்த மகன் அபின்.

இடம் குறிக்கும்போது தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டைத் திரையின் மேல் போட்டுத் தலையை உள்ளே விட்டுக்கொள்வார். கூட வரும் மச்சினனான லீமாவின் தம்பிக்குக்கூடக் காட்டியதில்லை. அப்படிப்பட்டவர், 2011இல் பெட்டி பழுதானபோது அதை அப்படியே கொண்டுபோய்க் குளச்சலில் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கிளீட்டஸின் கையில் கொடுத்தார். அவன் கடலுக்குப் போகிறவன் இல்லையே என்று நினைத்தார்.

அந்தக் கம்பெனியின் பெட்டியிலிருந்து இடங்களை வெளியே எடுக்கும் மென்பொருள் கிளீட்டஸிடம் மட்டும்தான் இருந்தது. பெட்டியை வாங்கியவருக்குக் கம்பெனி அதைக் கொடுப்பதில்லை.

"எல்லாம் அழிஞ்சு போச்சு அண்ணா. கம்பெனிக்காரன் வந்தாலும் எடுக்க ஒக்காது" என்று வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

ததேயுஸ் நினைவை நம்பிக் கடலுக்குப் போனார். முப்பத்துநாலு நாள் தேடினார். திரும்பும் வழியில் நெஞ்சு அடைத்தது. மீனுக்காகக் கொண்டுபோன ஐஸில் அவரை வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த ஐஸ் அறையில் ஒரு மீன்கூட இல்லை.

ஜெனிலா திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலையில் இருந்தாள். நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்ததும் சித்தப்பா மகன் பிரைட்டன் தன் படகின் புதுப் பெட்டியைக் காட்டக் கூட்டிப் போனான்.

"கிளீட்டஸ் மெமரி கார்டுல ஒரு லிஸ்ட் ஏத்தித் தந்தான் பாத்துக்க. வேற ஆருக்கும் இல்லாத எடமாம்."

அவள் பட்டியலை நகர்த்திக்கொண்டே போனாள். அபின் என்று வந்தது. அந்தப் பெயரைக் கல்லறையில்கூட எழுதியதில்லை.

"ஏட்டி, மொகம் என்ன இப்பிடிப் போச்சு?" என்றான் பிரைட்டன்.

மறுநாள் கிளீட்டஸின் கடையில் நின்று, பிரைட்டனின் கார்டில் இருப்பது அப்பாவின் இடங்கள் என்றாள். அவன் சிரித்தான்.

"ஒனக்க அப்பன் கடல்ல கல்லு நட்டுப் பேரு எழுதி வச்சிருக்காரா மோளே? அந்தக் கார்டு கம்பெனிப் பூட்டுப் போட்டது. ஆரு எப்ப குறிச்சதுன்னு தொறந்து காட்டிட்டுப் பேசு."

அவள் நேரே பிரைட்டனிடம் போனாள்.

கார்டை வாங்கிக்கொண்டாள். பெட்டியில் ஒரு இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கார்டில் சேமிப்பாள். கோப்பில் எந்த எண் மாறியது என்று பார்த்துப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்வாள். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முகம் தெரியாத ஜெர்மன்காரர் ஒருவர் பாதி வேலையை முடித்து, நிரலை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். மீதியை அவள் முடித்து, அதேபோல் திறந்து வைத்தாள். இனி எந்தப் படகுக்காரனும் தன் இடங்களைத் தானே எடுத்துக்கொள்ளலாம். கிளீட்டஸ் வேண்டாம்.

அது அவளுக்குப் போதவில்லை. அப்பாவின் முந்நூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்தே போட முடிவு செய்தாள்.

"செத்தாலும் சொல்லாத எடம். ஊருக்கு வாரி எறியப் போறியா?" என்று கேட்டாள் லீமா. "நம்ம மாமனுக்க படகு நாளைக்கு மீனுக்கு எங்க போவும்?"

"களவு போன பொருளு அம்மா. இப்ப அவன் ஒருத்தன் விக்கியான். எல்லாருக்கிட்டயும் இருந்தா அவன் என்னத்த விப்பான்?"

லீமா எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஜெனிலா அன்றிரவே பட்டியலை இணையத்தில் ஏற்றினாள்.

ஐந்தே வாரத்தில் கிளீட்டஸ் வீடு தேடி வந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"கடைக்கு ஆரும் வரல்ல மோளே. அந்த லிஸ்ட எடுத்துரு."

"எடுக்க ஒக்காது அண்ணா. கொல்லம் வரைக்கும் போயாச்சு. நீங்களும் ஒண்ணு கொண்டுபோங்க, வெறுதேதான், பைசா வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு. அத வாசிக்கணும்."

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். பட்டியலின் தலையில் உரிமக் குறிப்பு இருந்தது: யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், கண்டுபிடித்தவரின் பெயரை மட்டும் நீக்கக் கூடாது.

"கண்ணாடி கொண்டு வரல்ல."

"பெரிசாக்கித் தாறேன்."

அப்பாவின் பெயர் திரை முழுவதையும் அடைக்கும்வரை எழுத்தைப் பெரிதாக்கினாள். அடுக்களையிலிருந்து லீமா வந்து கதவோரம் நின்றாள். கிளீட்டஸ் வாயைத் திறந்து, தரையைப் பார்த்தபடி வாசித்தான்.

"கேக்கல்ல" என்றாள் லீமா.