பின்சுவரோரம் என் இடம்

அறுபதுகளின் கடைசியில், வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில், ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் பாடம் நடத்தினோம். பெரியவாத்தியார் சேலத்துக்காரர். நான் உள்ளூர், வீட்டில் தெலுங்கு. பிள்ளைகளுக்கும் தெலுங்குதான். தமிழை அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் கேட்டார்கள்.

முதலில் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒன்றும் இரண்டும் எனக்கு, மற்றவை அவருக்கு. என் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தினால் அவர் நடத்தும் செய்யுள் அவருக்கே கேட்காது. பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் நடத்தும்போது மற்றவருடைய பிள்ளைகள் சிலேட்டில் எழுத வேண்டும். அவருடைய முறை மட்டும் முடியவே முடியாது.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். பெரிய பிள்ளைகளுக்கு அவர் முன்னால் நின்று தமிழில் சொல்ல வேண்டியது. நான் பின்சுவரோரம் நின்று அதையே தெலுங்கில் சொல்ல வேண்டியது. பிள்ளைகள் தலையைத் திருப்பி என்னைக் கேட்டுவிட்டு, மறுபடி அவர் பக்கம் திரும்பித் தமிழில் பதில் சொல்வார்கள். சின்னதுகள் என் காலடியில் உட்கார்ந்து எழுதும். சில மாதங்களில் பிள்ளைகள் தமிழில் மளமளவென்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் அவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், நாளைக்கு நீங்க வாயே தொறக்காதீங்க. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல தெலுங்கு கேட்டுச்சுன்னா உங்கள எங்கயாச்சும் தூக்கி அடிச்சிருவாங்க. கைக்கொழந்தக்காரி, பாத்துக்கங்க."

மத்தியானம் மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது அவருக்குத் தெரியும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்துத்தான் தொட்டார்.

மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "மழை எப்படி வருது, சொல்லுங்க பாக்கலாம்" என்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் பழக்கத்தில் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி திரும்பினார்கள்.

"நான் இங்க நிக்கறேன், அங்க என்ன பார்வ?"

"மக்குப் பசங்க சார்," என்றார் பெரியவாத்தியார். "ஆடு மேய்க்கிற கூட்டம். எவ்வளவு சொன்னாலும் மண்டைல ஏறாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையாவது மண்ணாவது என்று கேள்வியைத் தெலுங்கில் கேட்டுவிட்டேன். உடனே கைகள் உயர்ந்தன. ஒரு பெண் எழுந்து, கடல் தண்ணீர் ஆவியாகி மேகமாவதைத் தமிழில் தப்பில்லாமல் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "நல்ல ஏற்பாடா இருக்கே! யாரு யோசன?"

"நான்தான் சார். டீச்சர வெச்சு செஞ்சிட்டு வர்றேன்."

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், கூசாமல் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்தது, ஜவளகிரிக்கு. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் அனுபவம் உள்ளவர் என்று பெரியவாத்தியாரே சிபாரிசு செய்திருந்தாராம். "நல்லதுக்குத்தான் டீச்சர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தளியையும் தாண்டி, காட்டோரம் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். தினமும் போய்வர முடியாத தூரம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே வாத்தியார் நான் ஒருத்திதான். பிள்ளைகள் பேசியது கன்னடம். சந்தையில் விலை கேட்பதற்கு மேல் எனக்குக் கன்னடம் தெரியாது. தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை.

முதல் நாள் மத்தியானம் பால் கட்டி மார் வலித்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, மழை எப்படி வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை அறியாமல் நான் பின்சுவரைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.