நூலகக் கணினியில் கிடைத்த நத்தைகள்

எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கருவாட்டை அரிக்கும் வண்டு. வாப்பாவுக்கு பர்மாவில், யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் கருவாட்டுக் கடை. மழைக்காலம் வந்துவிட்டால் கூடைகளுக்குள் வண்டு புகுந்துவிடும். மேலே முழு மீனாகத் தெரிவது கையில் எடுத்தால் பொடியாக உதிரும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், விலங்கியல் துறையில் எதைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறாய் என்று கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கேட்டவர் துறையின் மூத்த பேராசிரியை. யாங்கூனில் ஆசிரியைகளை சயாமா என்றுதான் அழைப்போம். இந்த சயாமா ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், அதுவரை சிரித்து நான் பார்த்ததில்லை. என் தலைப்பை அவர் மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டைப் பற்றி இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கொண்டுவந்து காட்டு, காட்ட முடியாவிட்டால் வேறு தலைப்புக்கு மாறிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். எங்கே போய்த் தேடுவது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் நூலகத்தில் ஆய்விதழ்களுக்கென்று தனி அலமாரிகள் இருந்தன. பைண்டு செய்து அழகாக அடுக்கியிருப்பார்கள். ஆனால் பெரும்பாலான இதழ்கள் நான் பிறப்பதற்கு முன்பே வருவது நின்றுபோயிருந்தன. தூசியில் தும்மித் தும்மிப் புரட்டியதில் நெல்லை அரிக்கும் வண்டு கிடைத்தது, மரத்தை அரிக்கும் வண்டு கிடைத்தது, கருவாட்டு வண்டு கிடைக்கவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில். அப்போதுதான் நூலக மாடியில் ஓர் அறையில் சில கணினிகளைப் போட்டு, வெளிநாட்டு ஆய்விதழ்களை இணையத்தில் படிக்கும் வசதியைத் தொடங்கியிருந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்தால் மட்டுமே அது திறக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பொறுப்பில் இருந்த நூலகர் என்னைவிடச் சில வயது மூத்த பெண். அக்கா என்கிற பொருளில் பர்மிய வழக்கப்படி அவரை மமா என்று கூப்பிடுவேன். தனக்குக் கொடுத்த பயிற்சி கொஞ்சம்தான், தெரிந்தவரை சொல்லித் தருகிறேன், தெரியாததை ரெண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்.

தேடும் கட்டத்தில் உலர்ந்த மீன், பூச்சி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் மீன் பண்ணை, மீன் வலை, கொசு ஒழிப்பு என்று ஊர்ப்பட்ட கட்டுரைகள் வந்து நிற்கும். நடுவில் மின்சாரம் போய்விட்டால் எல்லாம் போச்சு. அப்படியே சில நாட்கள் போயின. தாகேதாவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, வேறு என்ன தலைப்பு எடுக்கலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு பிற்பகல் மமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நீ இந்த வண்டைக் கருவாட்டுப் பூச்சி என்கிறாய், எல்லா நாட்டிலும் அப்படியா எழுதுவார்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் மனப்பாடம் செய்த இலத்தீன் பெயர் இருக்கும்போது சந்தையில் சொல்லும் பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். இலத்தீன் பெயரை அடித்ததும் கொசுவும் வலையும் காணாமல் போய், ஒரே ஒரு பக்க அளவுக்குக் கட்டுரைகள் வந்தன. அத்தனையும் என் வண்டு.

ஆனால் எதைத் திறந்தாலும் சுருக்கம் மட்டும்தான் வந்தது. முழுக் கட்டுரை கேட்டால் பணம் கட்டச் சொன்னது. மமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பயிற்சியில் வேறொரு வழி காட்டினார்கள், இதழ்களின் பெயர்களை அகர வரிசையில் வைத்த பக்கம் ஒன்று இருக்கிறது, நமக்குக் கொடுத்திருக்கும் இதழ்கள் அதில் இருக்கும் என்றார். சுருக்கத்தில் இருந்த இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் கையில் எழுதிக்கொண்டு அந்த வழியாகப் போனோம். இதழ் இருந்தது. ஆண்டை அழுத்தினோம், திறந்தது. கட்டுரை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் தலைப்பு, அப்புறம் எழுத்து, கடைசியில் படம். எங்கள் கூடைக்குள் ஓடும் அதே பழுப்பு வண்டு, கால் மயிர்கூடத் தெரியும்படி. நானும் மமாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அன்று வீட்டில் வாப்பா கேட்ட முதல் கேள்வி, "வண்டு சாகிறதுக்கு வழி போட்டிருக்கானா?" நான் படித்ததைச் சொன்னேன். உப்பைக் கூட்டினால் வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று அதைத் தள்ளிவிட்டார். கூடையை விட்டுவிட்டு மூடி போட்ட தகர டின்களுக்கு மட்டும் சம்மதித்தார்.

கட்டுரைகளை அச்செடுத்து சயாமாவின் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பினார்களா என்று விசாரித்தார். நம் நூலகத்து மாடியில்தான் கிடைத்தது என்றேன். தாள்களை ஓரம் தட்டி அடுக்கிவிட்டு, "என்னையும் அங்க ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா, தமி?" என்றார். தமி என்றால் மகள். ஆசிரியைகள் மாணவிகளை அப்படி அழைப்பது வழக்கம்தான், ஆனால் அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை மாடியேறினோம். எதைத் தேடட்டும் என்று கேட்டதற்கு அவர் தயங்கினார். பிறகு ஓர் இலத்தீன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அது ஒரு குளத்து நத்தையின் பெயர். இளம் வயதில் அவர் அதை ஆய்வு செய்துகொண்டிருந்தாராம். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் வெடித்துப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது ஆய்வு பாதியில் நின்றது. மீண்டும் திறந்தபோது வெளியூரில் பாடம் நடத்தப் போட்டுவிட்டார்கள். நத்தையை அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. இதெல்லாம் அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரையில் கட்டுரைகள் வந்தன. பழையதிலிருந்து வரிசைப்படுத்தச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்டுப்போன வருடங்களை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தார். அவர் மனசு நோகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நடுவில் ஒரு கட்டுரையைத் திறக்கச் சொன்னார். அகர வரிசை வழியாகப் போய்த் திறந்து கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்திருப்பார், சிரித்துவிட்டார்.

"இது ஒரே நத்தை இல்ல, ரெண்டு வகைன்னு நான் அப்பவே சொன்னேன். யாரும் நம்பல. இங்க பாரு, ரெண்டுன்னு எழுதியிருக்கு."

நீங்கள் சொல்லவேண்டியதை வேறு யாரோ சொல்லிவிட்டார்களே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"யார் சொன்னா என்ன? நத்தை ரெண்டுதானே."

அதன் பிறகு வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அவர் மாடியில்தான் இருந்தார். மமா அவருக்கென்று ஜன்னலோரக் கணினியை ஒதுக்கி வைப்பார். என் ஆய்வு நல்லபடியாக முடிந்தது, பட்டமும் கிடைத்தது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை சயாமா பஸ் பிடித்துத் தாகேதாவுக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு குளம் உண்டு. நான் கண்ணாடிச் சீசாவைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். அவர் இடுப்பில் கைலிபோல் சுற்றியிருந்த தமெயினை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தாமரை இலையைப் புரட்டி ஒரு நத்தையை எடுத்து, இது முதல் வகை என்று என்னிடம் நீட்டினார். இன்னொன்று கிடைக்கும்வரை கரையேற மாட்டேன் என்றார். நான் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த இரண்டாவதைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.