பூனையைக் காட்டுங்க

எங்கள் வீட்டுப் பின்கதவின் அடிப்பகுதியில் வார்னிஷ் கிடையாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மரம் வெளுத்து நார் நாராகக் கிளம்பி நிற்கிறது. போன ஆடியில்தான் தச்சரை வரவழைத்து இழைத்துப் பூசினேன். ஆவணி பிறப்பதற்குள் பழையபடி ஆகிவிட்டது. ஒரு பூசணிக்காய் கனம்கூட இல்லாத சாம்பல் நிறப் பூனை செய்த வேலை இது. அதற்கு வெளியே போக வேண்டும். விடிந்ததும் போக வேண்டும், சாப்பிட்டதும் போக வேண்டும், நான் செய்தித்தாளைப் பிரித்துத் தலைப்பை வாசிக்கும்போது கட்டாயம் போக வேண்டும். எகிப்தியர்கள் பூனையைக் கும்பிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கதவின் கதி என்ன ஆயிற்று என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

பூனை என்னுடையது அல்ல, மகளுடையது. பெங்களூரில் ஏழாவது மாடியில் வளர்த்தாள். பிறந்ததிலிருந்து மண்ணை மிதிக்காத ஜீவன். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், ஒரு தை மாதம், அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து எங்கள் ஊரான கம்பத்துக்குக் கொண்டுவந்து எங்களிடம் விட்டாள்.

"அப்பா, வெளிய மட்டும் விட்றாதீங்கப்பா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எந்த ஆண்டு எந்தக் கிழமை அணையில் தண்ணீர் திறந்தார்கள், எந்த மாதம் எங்கள் சாலைக்குத் தார் போட்டார்கள் என்பதையெல்லாம் பொழுதுபோக்காகக் குறித்துவைக்கிறவன். சொன்ன வார்த்தை, சொன்ன தேதி இரண்டிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரு பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன்.

எங்கள் வீடு கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பின்சுவரைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம். கல்தூண்கள், மேலே கம்பிப் பந்தல், அதற்குக் கீழே எப்போதும் குளிர்ந்த நிழல். பூனை முதல் வாரம் முழுக்கச் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து அந்த நிழலையே பார்த்தது. எட்டாம் நாளோ என்னவோ, என் மனைவி அரிசி களைந்த தண்ணீரை ஊற்றப் பின்கதவைத் திறந்தாள். அவள் காலுக்கிடையில் புகுந்து போனதுதான். சாயங்காலம் திரும்பி வந்தபோது மீசையில் நூலாம்படை. முகத்தில் இதற்கு முன் நான் பார்த்திராத ஒரு திமிர்.

அன்றிலிருந்து தொடங்கியது சண்டை. ஜன்னலுக்கு வலை அடித்தேன். வலையைக் கிழித்தது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைத் திறந்து, யாரோ அதைக் கொல்வது போலக் கத்தியது. பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் உங்களுக்கு ஒரு ஆபீஸ் இல்லாமப் போச்சு, அதான் கதவுக்கு முன்னாடி சீட்டப் போட்டு உக்காந்துட்டீக" என்றாள் மனைவி. "பேசாம தொறந்து விடுங்க. பசிச்சா வந்துட்டுப் போகுது."

"உன் மகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"என் மகளா? கூடைய வாங்கும்போது உங்க மகளாத்தான இருந்தா!"

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் கொஞ்ச நேரம் வெளியே, மற்ற நேரம் உள்ளே. மகளிடம் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு வியாழக்கிழமை வீடியோவில் பேசும்போது பூனையைக் காட்டச் சொன்னாள். தூக்கிக் காட்டினேன். நான்கு காலும் நீலமாக இருந்தன.

"அப்பா! என்னப்பா அது? ஏன் கால் நீலமா இருக்கு?"

நீலம் எனக்குத் தெரிந்த நீலம்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் திராட்சைக் கொடிக்கு அடிக்கிற மருந்து. இந்தப் பள்ளத்தாக்கில் கல்தூண், கம்பி, வேலை செய்கிறவர்களின் சட்டை எல்லாம் அந்த நிறத்தில்தான் இருக்கும். மனிதன் கையைக் கழுவிக்கொள்வான். பூனை நாக்கால் கழுவும். அதுதான் விஷயம். மகள் அழுதாள், திட்டினாள், நான் கேட்டுக்கொண்டேன். பூனையைப் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவினேன். என் முழங்கையில் அதன் நகம் போட்ட கோடு இன்னமும் தெரிகிறது. கழுவி முடித்த ஈரத்தோடு தோட்டத்துச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன்.

தோட்டக்காரர் என்னைவிட வயதில் இளையவர். புல்லட்டில்தான் வருவார், அதை அணைக்காமலே நின்று பேசுவார். மருந்து கலக்குகிற தொட்டியருகே நின்றிருந்தார். ஒரு கல்தூணின் அடியில் வாழை இலைத் துண்டு, அதன்மேல் கருவாட்டுத் தலைகள். கண்ணில் பட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, எங்க வீட்டுப் பூனைக்குத் தீனி வைக்கிறது நீங்கதானா?"

"ஆமாண்ணே. நம்ம பூன நல்ல வேலக்காரி. சொட்டுநீர் பைப்ப எலி கடிச்சுக் கடிச்சு உசுர வாங்கும். அது வந்ததுல இருந்து அங்கன ஒரு எலியக் காணோம்."

நம்ம பூனை! பத்து மாதமாகப் பால் வாங்குவது நான், கதவை இழைத்தது நான், கடி வாங்குவது நான். இவருக்கு நம்ம பூனை.

"நீங்க மருந்தடிச்ச எடத்துல அது நடக்குது. காலை நக்குது. செத்துப்போகும் தம்பி."

"ஐயோ, அப்பிடியாண்ணே?" என்று உண்மையிலேயே பதறினார். "அப்ப மருந்தடிக்கிற அன்னிக்கு உள்ள போட்டுப் பூட்டிக்கிறுங்க."

"என்னிக்கு அடிக்கப்போறீக? தேதியைச் சொல்லுங்க."

"சொல்லுவோம்ண்ணே."

"இப்பவே சொல்லுங்க. அடுத்தது என்னிக்கு?"

அவர் வானத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கெழம அடிக்கிறேண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமைத் தாளில் பென்சிலால் வட்டம் போட்டேன். திருப்தியாக இருந்தது. ஐப்பசி மாதம் அது. சனிக்கிழமை ராத்திரி மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஞாயிறு விடிந்ததும் நான் கதவைத் திறந்து பூனையை வெளியே விட்டேன். செவ்வாய்க்கு இன்னும் நாள் இருந்தது அல்லவா. எங்கோ மருந்தடிக்கிற மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டால் என்ன? இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நேரமும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பூனை கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தது. கால் மட்டுமல்ல, முதுகு, காது, வால் எல்லாம் நீலத் துளி. வாசற்படியில் உட்கார்ந்து முறையாக, பொறுமையாக, தலையிலிருந்து தொடங்கி நக்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் பாதி உடம்பைச் சுத்தம் செய்துவிட்டது.

வாயில் நுரை தள்ளியது. வாந்தி எடுத்தது, அதுவும் நீலமாக. மனைவி துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஆட்டோவில் கால்நடை மருத்துவர் வீட்டுக்குப் போனோம். அவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் மேசையைக் காலி செய்தார்.

"பூனைக்கு நாக்குதாம்மா எமன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஊசியில் நீர் ஏற்றினார். "நக்க விடாதீக. ரெண்டு நாள் தாண்டுனா பொழச்சுக்கிரும்."

கழுத்துக்குப் புனல் மாதிரி ஒரு பட்டை வேண்டும் என்றார், நக்காமல் இருக்க. அது கம்பத்தில் எந்தக் கடையிலும் இல்லை. மனைவி என் முழங்கால் எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி, நுனியை வெட்டி, நாடா வைத்துக் கட்டினாள். என் முழங்கால் எலும்புக்கு நடுவில் பூனையின் முகம் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பூனையைக் கிடத்திவிட்டு நான் பின்சுவருக்குப் போனேன். தோட்டக்காரர் அந்தப் பக்கம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னீகல்ல?"

"சாரல் விழுந்துருச்சேண்ணே. விடியிறதுக்குள்ள அடிக்காட்டி எலையெல்லாம் நோய் பிடிச்சு ஒரு கொல மிஞ்சாது. மேகம் என்ன காலண்டர் பாத்தா வருது?"

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ஒரு கிழமையைச் சொன்னீக?"

"நீங்கதாண்ணே தேதி, தேதின்னு நின்னீக. வீடு வரைக்கும் வந்து கேக்குற மனுசன எப்பிடி ஒண்ணும் சொல்லாம அனுப்புறது? அதான் ஒண்ணச் சொன்னேன்."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் போல என் வாழ்க்கையில் வந்ததில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்தில் இது ஒரு மரியாதை. தையற்காரர், கொத்தனார், பம்புசெட்டு மெக்கானிக், யாரிடம் போய் "எப்போ?" என்று கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். தேடி வந்தவருக்குக் காபி கொடுப்பது போல ஒரு கிழமையைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டு வந்து அதற்கு வட்டம் போடுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

"தோட்டத்துல வேலை பாக்குறவுகள மருந்தடிக்கும்போது என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"வெளிய போகச் சொல்லிட்டுத்தாண்ணே மோட்டாரப் போடுவோம்."

"நல்ல வேலைக்காரின்னு சொன்னீகல்ல. அதுக்கு மட்டும் ஏன்யா சொல்லல? கருவாட்டப் போட்டு உள்ள கூப்பிட்டுட்டு அது தலையிலயே அடிப்பியா?"

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவரை 'யா' போட்டு நான் பேசியதில்லை. அவர் குழாயைக் கீழே போட்டார். விறுவிறுவென்று பந்தலுக்கு வெளியே நடந்தார். புல்லட் சத்தம் சாலை வரை கேட்டது.

அந்த இரண்டு நாளும் பூனை சாப்பிடவில்லை. மூலையில் எக்ஸ்ரேயைச் சுவரில் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தது. கதவு பக்கம் போகவே இல்லை. வீட்டில் அவ்வளவு அமைதி. நான் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன், ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. மகள் தினமும் கூப்பிட்டாள். "மூச்சு விடுதாப்பா?" என்று மட்டும் கேட்பாள். விடுகிறது என்பேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தோட்டக்காரர் மேல் கோபம், மேகத்தின் மேல் கோபம், வெளியே என்னதான் இருக்கிறது என்று இந்த அற்பப் பிராணிமேல் கோபம்.

மூன்றாம் நாள் விடியலில் அந்தச் சத்தம் கேட்டது. கர்ர், கர்ர். எழுந்து போய்ப் பார்த்தேன். எக்ஸ்ரே படம் கதவில் இடிக்க இடிக்க, இரண்டு முன்காலாலும் பிறாண்டிக்கொண்டிருந்தது. நிற்கவே தெம்பில்லை, இடையிடையே சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் தொடங்கியது. செத்துப் பிழைத்த உடனே அதற்கு வேண்டியது அந்தத் தோட்டம்தான்.

"வெக்கங்கெட்ட கழுத!" என்று கத்தினேன். மனைவி எழுந்து வந்தாள். "பொழச்சிருச்சா?" என்று கேட்டாள். பிறகு, "கத்துறதக் கத்திட்டு, பால ஊத்துங்க" என்றாள்.

அடுத்த சாரல் கார்த்திகையில் விழுந்தது. இன்னும் இருட்டு. வாசலில் புல்லட் ஹாரன். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. தெருவில் நாய்கள் குரைத்தன, எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே தோட்டக்காரர். பின்சுவர்ச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

"அடிக்கப் போறேன். பூன உள்ள இருக்கா?" என்றார். அண்ணே இல்லை.

"உள்ளதான் இருக்கு."

"காட்டுங்க."

"சொல்றேன்ல, உள்ள இருக்குன்னு."

"சொன்னா நான் எப்பிடி நம்புறது? நாளைக்கு நான் போட்டுத் தள்ளிட்டேன்னு தெருவுல நின்னு கத்துவீக. கண்ணால பாத்தாத்தான் மோட்டாரப் போடுவேன். ஆளுக எல்லாம் மருந்தக் கலக்கி வெச்சுட்டு நிக்கிறாக. சீக்கிரம் காட்டுங்க."

என் வார்த்தையை ஒருவர் நம்ப மறுப்பது எனக்கு அதுதான் முதல் முறை. உள்ளே போனேன். கட்டிலுக்கடியில் இருந்த பூனையை வாலைப் பிடித்து இழுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். கதவைத் தாண்டியதும் அதற்குத் தோட்டத்து வாசனை பட்டுவிட்டது. பின்காலால் என் வயிற்றை உதைத்தது, கழுத்தில் நகத்தைப் பதித்தது, எதிர்வீட்டாரும் கேட்கும்படி கத்தியது. அவர் பைக் விளக்கைத் திருப்பி அதன் முகத்தில் அடித்துப் பார்த்தார்.

"நம்ம பூனதான்" என்றார். "கதவப் பூட்டுங்க."

புல்லட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மோட்டார் சத்தம் எழுந்தது. கழுத்தில் ரத்தம் கசிய நான் பின்கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். பூனை என் காலடியில் உட்கார்ந்து பிறாண்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாரலுக்கும் இதுதான் இப்போது. தெருவே எழுந்துவிடுகிறது. பால்காரர் நேற்றுக்கூட "காட்டியாச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.