வலக்கண்ணும் அக்கரைப் படமும்

என் கணவருக்கு வலக்கண்ணில் புரை எடுத்த அதே வாரம்தான் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் படம் நின்றுபோனது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று இப்போது சுலபமாக எழுதிவிடுகிறேன். அன்று அது விளங்க எங்கள் இருவருக்கும் நாலு நாள் பிடித்தது.

எங்கள் வீடு பருத்தித்துறைக்கு மேற்கே, கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது வளவு. அவர் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இல்லை. மாலையானால் தொலைக்காட்சிதான்.

எங்கள் கரையில் அதற்குக் கேபிள் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, உச்சியில் அன்ரனாவைக் கட்டிக் கடலைப் பார்க்க விட்டால் அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, படம் வரும். செய்தி வரும், பாட்டு வரும், மீனவருக்கான காலநிலை அறிவிப்பும் வரும். காற்று அன்ரனாவைத் திருப்பிவிட்டால், நான் வெளியே நின்று குழாயைப் பிடித்துச் சுற்றுவேன். அவர் உள்ளேயிருந்து கத்துவார்.

“வருது… வருது… ஆ, போட்டுது! திருப்பிக் கொண்டு வா!”

படம் தெளிவா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் எப்போதும் அவருக்குத்தான்.

ஒப்பரேசன் முடிந்து கண்கட்டு அவிழ்த்த அன்று, குனியக்கூடாது, தலையில் தண்ணீர் வார்க்கக்கூடாது, அடுப்புப் புகைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று டொக்டர் சொன்னார். தொலைக்காட்சி கொஞ்சம் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவர் அதைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தார். தலையிடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குசினி அடுப்படியிலிருந்து பார்த்தால் அவருடைய முகமும் பெட்டியின் பின்பக்கமும்தான் தெரியும்.

“என்ன பாக்கிறியள்?” என்று கேட்டேன்.

“செய்தி.”

அடுத்த நாள் மாலையும் அப்படியே இருந்தார். கேட்டதற்குப் “பாட்டு” என்றார். சத்தமில்லாமல் என்ன பாட்டு என்று தோன்றியது. ஆனால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கண்ணுக்கு மருந்து விடுவதிலும், தனியாகப் பத்தியச் சமையல் செய்வதிலும் அந்த நினைப்பு அடிபட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள் மருந்துப் போத்தலோடு அவர் பக்கம் போனபோதுதான் திரையைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆள் இல்லை, எழுத்து இல்லை. அவர் அதையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சித்தப்பா கடைசிக் காலத்தில் அலுமாரிக் கண்ணாடியோடு கதைத்துக்கொண்டிருந்தவர். இவருக்கும் அப்படி ஏதும் தொடங்கிவிட்டதோ? ஊசி போட்டதால் மூளைக்கு ஏதும் ஏறிவிட்டதோ? மருந்தை விட்டேன், சரியாக இரண்டு சொட்டு. பிறகு கிணற்றடியில் போய் வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் பொறுக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“உதிலை ஆர் கதைக்கிறது?” என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு ஆள் தெரியுதோ?”

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“ஒண்டுமோ?”

“வெறும் புள்ளி. கொதிக்கிற சோறு மாதிரி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்த்தார். அன்றைய இராகுகாலத்தை வாசித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த கடையின் விலாசத்தையும் விடவில்லை.

“அப்ப பிழை என்ரை கண்ணிலை இல்லையோ?” என்றார்.

கண் பிழைத்துப் போய்விட்டது என்று நாலு நாளாக மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனிதர். இடக்கண்ணிலும் புரை இருந்ததால் அதை வைத்துச் சரிபார்க்க முடியவில்லை.

“மற்றதெல்லாம் தெரிஞ்சதுதானே?”

“தெரிஞ்சுது. தலையிடியாலை சத்தத்தையும் கூட்டேல்லை. வெளிச்சம் விடுற சாமானுக்கு, கண்ணுக்குள்ளை வைச்ச இந்த வில்லை ஒத்துவராதாக்கும் எண்டு நினைச்சன். உனக்குச் சொன்னால் நீ அழுவாய்.”

அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. மருந்தாலும் வந்திருக்கலாம். எனக்கு வந்த சந்தோசத்தில், நான் அவரைப் பற்றி என்ன நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகுதான் படத்தைப் பற்றி யோசித்தோம். அன்று முழுவதும் குழாயைச் சுற்றினேன். வடக்கே, கிழக்கே, மேற்கே, கடைசியில் அர்த்தமில்லாமல் தெற்கேயும். புள்ளிகள் மாறவேயில்லை. காற்றும் அடிக்கவில்லை, வயரும் அறுந்திருக்கவில்லை. போன வாரம்வரை வந்தது இப்போது வராமல் போக என்ன நடந்திருக்கும்?

நெல்லியடியில் தொலைக்காட்சி திருத்தும் கடைக்கு நான் பஸ்ஸில் போய்க் கேட்டேன். கடைக்காரருக்கு அது பழைய செய்தி.

“அங்காலை நிப்பாட்டிப் போட்டாங்கள் அக்கா. பழைய முறையிலை அனுப்புறது முடிஞ்சுது. இனி டிஜிட்டல்.”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

“உங்களுக்கு ஏன் சொல்லவேணும்? அவங்கள் தங்கடை சனத்துக்கு அனுப்பினது. கடல் தாண்டி வந்ததை நாங்கள் பிடிச்சுப் பாத்தனாங்கள்.”

இத்தனை வருடமாக அந்தச் செய்தி வாசிப்பவர்கள் எங்களைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

கடைக்காரரிடம் டிஜிட்டல் பிடிக்கும் ஒரு சின்னப் பெட்டியும் குட்டைக் கம்பிகள் வைத்த புது அன்ரனாவும் இருந்தன. “அக்கரையிலை ஒண்டு ரண்டு இடத்திலைதான் டிஜிட்டல் போகுதாம். பிடிச்சால் கண்ணாடி மாதிரி. பிடிக்காட்டி ஒண்டுமேயில்லை. முந்தின மாதிரி அரைகுறை கிடையாது” என்று எச்சரித்தே தந்தார்.

என் தம்பி வந்து குழாயைச் சரித்து, புது அன்ரனாவைக் கட்டி நிமிர்த்தினான். திரை நீலமாக வந்தது. நடுவில் சிக்னல் இல்லை என்று இங்கிலிஷில் எழுத்து. நான் வழக்கம்போல வெளியே போய்க் குழாயைப் பிடித்தேன்.

“இல்லை,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “இல்லை… இல்லை… இல்லை…”

முன்பென்றால் புள்ளி தடிப்பதும் மெலிவதுமே நாங்கள் படத்துக்குக் கிட்ட வருகிறோமா, விலகிப் போகிறோமா என்று சொல்லிவிடும். இந்த நீலம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விரலளவு தள்ளி நிற்கிறோமா, ஒரு தேசமளவு தள்ளி நிற்கிறோமா, ஒன்றும் தெரியாது. மூன்று நாள் திருப்பிவிட்டுக் கைவிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை. சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. இலை அசையாத வெக்கை. கடல் தகடு மாதிரிக் கிடந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சை ஓடிவா! இஞ்சை ஓடிவா!”

போய்ப் பார்த்தால் படம். ஒரு புள்ளியில்லை. தென்னையில் வண்டு விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் பேனை கக்கிய மைக்கறைகூடத் தெரிந்தது.

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்லை. சும்மா போட்டுப் பாத்தன். அந்தாள்டை மீசையிலை நரை எத்தினை எண்டு எண்ணலாம்!”

எங்களிடம் தென்னை இரண்டுதான். என்றாலும் முழுவதையும் பார்த்தோம். துருவலைக் கையில் வைத்தபடியே நின்றேன். ஒரு மணித்தியாலம் போனது. பிறகு அந்த மனிதரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. வாய் திறந்தபடி அப்படியே நின்றார். நீலம் வந்துவிட்டது.

ஓடிப்போய்க் குழாய் நின்ற திசையைக் குறித்து வைத்தேன். மறுநாள் அதே திசையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடைக்காரரிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. “அவ்வளவு தூரத்திலையிருந்து எப்பிடி வாறது?” என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “கடல் செத்துக்கிடந்தால் சிலவேளை வருமாம் எண்டு ஆரோ சொன்னவை” என்றார். என் கணவருக்கு அது போதுமாக இருந்தது. அப்படியான நாட்களில் கடலுக்குள் நிற்கும்போது, தெரியக்கூடாத தூரத்துக் கரைகூட மிதந்துகொண்டு தெரியும் என்றார். எனக்கு அதுவும் விளங்கவில்லை.

கடைசியில் நாங்களும் கேபிள் எடுத்துவிட்டோம். அதுவும் டிஜிட்டல்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் வருகிறது. சனல்கள் நூற்றுக்கு மேலே. அவர் தேடும் காலநிலை அறிவிப்பு மட்டும் அதில் எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பெட்டி, மூன்று றிமோட். எதை அமத்தினால் எது எரியும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம்.

போன மாதம் ஒரு வெக்கைக் காலையில் அன்ரனாப் பெட்டியில் மறுபடியும் அக்கரைப் படம் வந்தது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவ கை கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து வருவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

“எங்கை?” என்றா.

“இவ்வளவு நேரமும் இருந்தது அக்கா.”

“ஓம், ஓம்” என்றா அவ, சின்னப்பிள்ளையைச் சமாளிப்பதுபோல. பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, வெங்காயம் விற்கும் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனா.