நெரினா போட்ட வேலி

எங்கள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலையில் எங்கள் செயலாளர் நெரினா கால் மணி நேரம் பேசுவாள். துண்டு விரிக்காமல் எந்த நாற்காலியிலும் உட்காரக்கூடாது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது. யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது, அதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசவும் கூடாது. கடைசியாக, முகாமை மூன்று பக்கமும் சுற்றி ஓடும் கல்சுவரைக் கைகாட்டுவாள். நாலாவது பக்கம் கடல். "இந்தச் சுவருக்கு அந்தாண்ட நம்ம உடம்பு ஊர்க்காரங்க கண்ணுல படக்கூடாது. செத்தாலும் படக்கூடாது," என்பாள். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்போம்.

உடுப்பே இல்லாமல் வாழ்கிற இடத்தில் இவ்வளவு கறாரா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கறார் இல்லாவிட்டால் நாங்கள் முப்பது வருடம் முன்பே மூட்டை கட்டியிருப்போம்.

நெரினா சுரங்க ஊரில் பிறந்தவள். பூலா நகரத்துப் பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்து நாலு வருடம் சீட்டு கொடுத்தாள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். இருபத்தொன்பது வயதில் ஒரு தோழி இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாள் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே கிடந்தாள். நாலாம் நாள், வியர்வை நாற்றம் தாங்காமல் குழாயடிக்குப் போய் அந்த விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டுத்தான், தான் வெறும் உடம்போடு நிற்பதே அவளுக்கு உறைத்ததாம். விரிப்பு காய்ந்த பிறகும் அவள் அதை எடுத்துச் சுற்றிக்கொள்ளவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த வம்பு வந்தது. எங்கள் ஆட்கள் மூன்று பேர் அத்திப்பழம் பறிக்கிறேன் பேர்வழி என்று சுவர் தாண்டிப் போய், பக்கத்து மேட்டு ஊரின் சவ ஊர்வலத்துக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார்கள். முகாமை மூடச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டது. நெரினா நல்ல கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மொத்தம் இருபத்தாறு வீடு, இருபத்தாறு காப்பி. இரண்டு நாள் கண் மூடவில்லை. எங்கள் ஆள் ஒருத்தரும் இனி உங்கள் கண்ணில் படமாட்டார் என்று ஒவ்வொரு அடுப்படியிலும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கைத்தான் அன்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

நான் எஜிடியோ. கப்பலில் சமைத்து ஓய்வு பெற்றவன், இப்போது கிளப்பில் சமைக்கிறேன். முகாமில் உடம்பில் துணி படுகிற ஒரே ஆள் நான்தான், அதுவும் சமையல் ஏப்ரன், முன்பக்கம் மட்டும். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் கொள்கை பேச என்னால் முடியாது.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் தொப்பி ஓட்டம். வெள்ளிக்கிழமையே குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடித்துவிடுவார்கள். ஏழு கிலோமீட்டர், சுவருக்கு உள்ளேயே இருக்கும் ஓக் காட்டில் ஒரு சுற்று. ஷூ போடலாம், தலையில் ஏதாவது வேடிக்கையான தொப்பி கட்டாயம். முதலில் வருகிறவருக்கு ஆலிவ் எண்ணெய், கடைசியில் வருகிறவருக்குத் தர்ப்பூசணி. சட்டை இல்லாததால் ஓடுகிறவர் நம்பரை முதுகில்தான் எழுத வேண்டும். கருப்பு மெழுகுக் குச்சியால் எழுதுவது நெரினாவின் வேலை.

அந்த வருடம் முப்பத்தொன்றாம் எண் டுல்லியோ என்பவருக்கு. அறுபத்தாறு வயது, ரயில்வேயில் சின்ன நிலையம் ஒன்றில் வண்டி அனுப்பி ஓய்வு பெற்றவர். அந்த வேலையின் சிவப்புத் தொப்பியோடு வந்திருந்தார். கிளப்பில் அவருக்கு அதுதான் முதல் வாரம். நெரினா விதிகளைச் சொன்னபோது எல்லோரும் சிரித்த இடத்தில் அவர் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். இன்சுலின் போடுகிறவர் என்பதால் நெரினாவே சர்க்கரைப் பொட்டலம் இரண்டை அவர் காலுறைக்குள் செருகினாள்.

"பாக்கெட் இல்லாதவனுக்கு சாக்ஸ்தான் பாக்கெட். தலை சுத்தினா உடனே வாயில போட்டுக்கணும், புரியுதா?"

"எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணுங்க?" என்று கேட்டார் டுல்லியோ.

"இது ரயில் இல்ல அண்ணே. சுத்தினா போடுங்க."

ஒன்பது மணிக்கு நாற்பத்தெட்டு பேர் கிளம்பினார்கள். பத்தரைக்கெல்லாம் ஆடி அசைந்து வருகிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். தர்ப்பூசணியை யாருக்குக் கொடுப்பது என்று கலாட்டா நடந்துகொண்டிருந்தபோது நெரினா என் அடுப்புக்கு வந்தாள்.

"நாப்பத்தேழுதான் வந்திருக்கு."

"சரியா எண்ணினியா?"

"மூணு தடவை எண்ணிட்டேன். ரயில்காரரைக் காணோம்."

கூடாரத்தில் பார்த்தோம், குளியல் அறையில் பார்த்தோம், கடற்கரையில் பார்த்தோம். அவருடைய துண்டு நாலாக மடித்து நாற்காலியில் இருந்தது. பையன்கள் இருவர் காட்டுப் பாதையைத் திருப்பி ஓடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். காலையில் லேசாக இருந்த வெயில் இப்போது மண்டையைப் பிளந்தது. மணி பதினொன்றேகால்.

மீட்புப் படைக்கு நெரினா போன் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்திவிட்டு மேஜையில் வைத்தாள்.

"என்ன டிரெஸ் போட்டிருந்தாரும்மா?" என்றான் அந்தப் பக்கத்துப் பையன்.

"சிவப்புத் தொப்பி, ஷூ."

"அதுக்கு நடுவுல?"

"நடுவுல முதுகுல முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கும். தம்பி, அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுட்டு ஓடியிருக்கார். சீக்கிரம் வாங்க."

ஆட்கள் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றான். நெரினாவால் நாலு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. இடுப்புப் பையில் பழச்சாறு இரண்டை வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சூப்பை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நான் பின்னால் ஓடினேன். இருவரும் மாறி மாறிப் பெயரைச் சொல்லிக் கத்தினோம். சில்வண்டு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில், அம்புக்குறிப் பலகை குப்புறக் கிடந்தது. பக்கத்துச் சுவரில் நாலைந்து கற்கள் சரிந்து ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. காட்டுப்பன்றி செய்த வேலை; பாதை பழகின மற்றவர்கள் கவனிக்காமல் ஓடியிருப்பார்கள். இடைவெளிக்கு அந்தப்பக்கம் செம்மண்ணில் ஒரு ஷூ தடம்.

நெரினா அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப்பக்கம் மேட்டு ஊரின் நிலம். அதைத் தாண்டி, ஊருக்கும் கடலுக்கும் போகிற ரோடு.

"எஜிடியோ, இவ்வளவு நேரமா நாம கத்தினது அவருக்குக் கேட்டிருக்கும்," என்றாள்.

"கேட்டா பதில் குடுக்கமாட்டாரா?"

"மாட்டார். ரோட்டுப் பக்கத்துல இருக்கார். சத்தம் போட்டா ஊர்க்காரங்க வந்து பாத்துடுவாங்க." அவள் அந்தத் தடத்தையே பார்த்தாள். "நான் சொன்னதை அந்த மனுஷன் நோட்டுல எழுதினார்டா."

அதுவரை அவர் எங்கேயோ வழி தப்பியிருப்பார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நிமிடம்தான், அவர் வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு செத்துக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது. நெரினா அதற்குள் இடைவெளியில் நுழைந்துவிட்டாள். அந்தச் சுவரை அவள் உடுப்பில்லாமல் தாண்டி நான் பார்த்ததே இல்லை. முள் கிழித்ததையும் பார்க்காமல், ஒவ்வொரு புதராக விலக்கிக்கொண்டு போனாள்.

ரோட்டோரத்து மதிலுக்கு இந்தப் பக்கம், கருவேலம் போல் முள் அடர்ந்த பள்ளத்தில் டுல்லியோ சுருண்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்கும் அவருக்கும் மூன்று எட்டுகூட இல்லை. வலது கணுக்கால் பலூன் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, தொட்டால் சில்லென்றிருந்தது. பக்கத்தில் காலிச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. சிவப்புத் தொப்பியைத் தூரத்திலிருந்து தெரியுமென்று சருகுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

நெரினா அவர் தலையை மடியில் தாங்கி, பழச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி மோவாயில் வழிந்தது. கண் செருகிக்கொண்டே வந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நாலு வண்டி போச்சுங்க," என்றார். நாக்கு குழறியது. "நான் ஒரு சத்தம் போடல. சரிதானே?"

நெரினா இரண்டாவது பழச்சாற்றை அவர் உதட்டில் வைத்தாள்.

டுல்லியோவின் தலை சாய்ந்தது. கன்னத்தில் தட்டினேன், முனகினார், மறுபடியும் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து மேட்டில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. நெரினா தன் துண்டை அவர் மேல் போர்த்தினாள். நான் ஏப்ரனின் முடிச்சைத் தேடிக்கொண்டே, "இரு, இதையாவது கட்டிக்கிட்டுப் போ" என்றேன். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவிழ்த்து நிமிர்ந்தபோது அவள் மதில் ஏறிக் குதித்து நடு ரோட்டில் நின்றிருந்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்து, அறுபத்து மூன்று வயது உடம்போடு, முள் கீறின ரத்தத்தோடு.

திராட்சைக் கூடைகளோடு வந்த டிராக்டர் கிறீச்சிட்டு நின்றது. மேலே அறுவடை ஆட்கள் ஐந்தாறு பேர். ஓட்டினவன் பக்கத்தில் மரீச்சா உட்கார்ந்திருந்தாள். மேட்டு ஊரின் முதல் வீட்டுக்காரி. வாக்குக் கொடுக்கப் போன அன்று நெரினா குடித்த முதல் காப்பி அவள் அடுப்படியில்தான்.

"மரீச்சா, ஒரு ஆள் செத்துக்கிட்டிருக்கார்," என்றாள் நெரினா.

மரீச்சா இறங்கி வந்தாள், தன் நீல வேலைக் கோட்டைக் கழற்றி நெரினாவின் தோளில் போட்டாள், ஆண்களைப் பார்த்து, "என்னத்தப் பாக்குறீங்க, கூடையை இறக்குங்கடா," என்றாள். ஐந்து நிமிடத்தில் டுல்லியோ டிராக்டர் பெட்டியில் திராட்சை இலை மேல் படுத்திருந்தார். நெரினா அவர் உதட்டுக்குள் திராட்சைச் சாற்றைப் பிழிந்துகொண்டே இருந்தாள். ஊர் முனையில் மீட்புப் படையின் ஆம்புலன்ஸ் எதிரே வந்து அவரை ஏற்றிக்கொண்டது. அது போனபிறகுதான் மரீச்சா பேசினாள்.

"எம்மாம் நேரமா அங்க கெடந்தார்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"காலைலேருந்து அந்த வழியா நாங்களே ரெண்டு நடை போயிட்டு வந்தோம். ஒரு குரல் குடுத்திருந்தா நின்னுருப்போமே," என்றாள் மரீச்சா. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டாள். நெரினா கோட்டின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். ஒரு பொத்தான்கூட துளைக்குள் நுழையவில்லை.

மறுநாள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நானும் அவளும் பூலா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டுல்லியோ கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு தெளிவாக இருந்தார். அவர் மனைவி ஸ்லாவா கட்டிலோரம் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்கதான் எங்க செயலாளர்," என்றார் டுல்லியோ, அதிகாரி வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்து. "நேத்து ஒரு வண்டிக்காரனும் என்னைப் பாக்கல. தொப்பியைக்கூட மறைச்சுட்டேன்." பாராட்டை எதிர்பார்த்து நெரினாவைப் பார்த்தார்.

ஸ்லாவா கத்தியைத் தட்டில் வைத்தாள். "இவர் இப்படித்தாங்க," என்றாள் மெதுவாக. "நாப்பது வருஷம் சிக்னல் விழாம ஒரு வண்டியை விட்டதில்ல. இவர்கிட்ட எதையும் பாத்துச் சொல்லணும்."

"நான் பாத்துச் சொல்லலைங்க," என்றாள் நெரினா. "தப்பு என்னோடது."

"தப்பா? எது தப்பு?" என்றார் டுல்லியோ. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஸ்லாவா ஓர் ஆப்பிள் துண்டை அவர் வாயில் வைத்தாள்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். மேட்டு ஊர் தாண்டி அந்த மதில் வந்ததும் நெரினா நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது வண்டிக்கும் சத்தம் போட்டிருக்கமாட்டார், எஜிடியோ," என்றாள். "செத்திருப்பார். நான் சந்தோஷப்படுவேன்னு நெனச்சுக்கிட்டே செத்திருப்பார்."

அவள் அழுது முடிக்கும்வரை நான் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.